கிதாபின் உடம்பு: தலாயிலுல் கைராத் சுவடிகளும் யாழ்ப்பாணமும்

யாழ்ப்பாணத்தில் ஏடு என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பனையோலைதான். பதப்படுத்தி, துளையிட்டு, கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டிய கட்டு. வைத்தியமும் சோதிடமும் புராணமும் அதில்தான் இருந்தன. அதே பட்டினத்தில், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில், முற்றிலும் வேறான உடம்போடு இன்னொரு நூலும் புழங்கியது. தாளில் எழுதியது, வலமிருந்து இடம் செல்வது, தோல் அட்டை போட்டது, ரைஹால் என்ற மடக்குப் பலகையில் விரித்து வைத்து, ஒழு (தொழுகைக்கு முன் செய்யும் கழுவல்) செய்த கையால் புரட்ட வேண்டியது. கிதாபு என்று அதைச் சொல்வார்கள். ஓலைச்சுவடியைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாயிற்று. கிதாபைப் பற்றி எழுதியவர்களோ பெரும்பாலும் அதன் உள்ளடக்கத்தோடு நின்றுவிட்டார்கள்: ஆசிரியர் யார், எந்தத் தரீக்கா (சூஃபி வழி), எந்த நூற்றாண்டு. தாள், மை, தையல், பொன் ஆகியவை பட்டியலின் கடைசி வரியில் ஒதுங்கிப்போயின.

சூஃபி ஓதல் நூல்களைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது என்பது என் எண்ணம். அவை தனியே உட்கார்ந்து மௌனமாக வாசிக்க எழுதப்பட்டவை அல்ல. ஓதுவதற்கு எழுதப்பட்டவை, அதிலும் கூடியிருந்து ஓதுவதற்கு. அவற்றின் பொன்னும் வண்ணமும் அழகுக்காக மட்டும் வந்து சேரவில்லை. பொன் வைத்த இடத்தில் நாக்கு தொடங்குகிறது, அல்லது மூச்சு வாங்குகிறது. இதைக் காட்ட மிகப் பொருத்தமான நூல் ‘தலாயிலுல் கைராத்’.

இதை இயற்றியவர் மொரோக்கோவின் தென்பகுதியான சூஸைச் சேர்ந்த முஹம்மது பின் சுலைமான் அல்-ஜஸூலி. ஷாதுலிய்யா என்ற சூஃபி வழியில் வந்தவர், 1465இல் இறந்தார், அவரது அடக்கத்தலம் இன்று மராக்கேஷில் இருக்கிறது. நூல் பிறந்த கதையை ஆலிம்கள் இப்படிச் சொல்வார்கள்: தொழுகை நேரம் நெருங்க, ஒழு செய்யத் தண்ணீர் எடுக்கக் கயிறோ வாளியோ இல்லாமல் ஒரு கிணற்றடியில் ஜஸூலி தவித்து நின்றார். ஒரு சிறுமி வந்து கிணற்றில் உமிழ்ந்தாள். தண்ணீர் விளிம்புவரை பொங்கி வந்தது. எப்படி என்று கேட்டார். நபிகள் மீது ஓயாமல் ஸலவாத்து (வாழ்த்துரை) சொல்வதால் என்றாள். அந்தக் கணத்தில் ஸலவாத்துகளைத் தொகுத்து ஒரு நூல் செய்வதாக அவர் உறுதி எடுத்துக்கொண்டாராம். வற்றாத ஆறு எதுவும் ஓடாத, கிணற்றை நம்பியே வாழும் குடாநாட்டுக்காரருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நூலில் முதலில் ஸலவாத்தின் சிறப்பு வரும். பிறகு நபிகளின் 201 திருநாமங்கள். பிறகு மதீனாவில் அவர்கள் அடங்கியிருக்கும் இடத்தின் வருணனை. அதன்பின் ஓதவேண்டிய பகுதி. இந்தப் பகுதியை ஹிஸ்பு எனப்படும் எட்டுப் பிரிவுகளாகப் பிரித்து, திங்களில் தொடங்கி அடுத்த திங்கள்வரை ஓதி முடிப்பார்கள். கால், மூன்றிலொன்று என்ற கூறுகளும் உண்டு. ஆகவே ஒரு நல்ல பிரதியைப் புரட்டும்போது ஓரத்தில் பொன்வட்டமோ பூக்குஞ்சமோ கண்ணில் பட்டால் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே இன்னொரு ஹிஸ்பு தொடங்கும். ‘அல்லாஹும்ம’ என்ற விளிச்சொல் மட்டும் சிவப்பிலோ பொன்னிலோ நீலத்திலோ எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் அச்சொல் பல தடவை வரும். ஒவ்வொன்றும் ஒரு புதிய ஸலவாத்தின் தலை. கூட்டமாக ஓதும்போது சற்றுப் பின்தங்கியவர் அடுத்த வண்ணச் சொல்லில் கண்ணை வைத்துக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். விளக்கொளியில் கறுப்பு வரிகள் மங்கினாலும் பொன் மங்காது. திருநாமங்களைப் பல பிரதிகள் கட்டம் கட்டமாக, ஒரு கட்டத்துக்கு ஒரு பெயராக, நிறம் மாற்றி எழுதுவதும் இதே தேவைக்காகத்தான். 201 பெயரை நிற்காமல் ஓதிப் பார்த்தவருக்கு அந்தக் கட்டங்களின் அருமை தெரியும்.

இந்த நூலின் பெயர்போன பக்கங்கள் ஓவியப் பக்கங்கள். உருவம் வரைவதில் தயக்கமுள்ள ஒரு மரபில், அதுவும் ஓதல் நூலில், ஓவியம் எப்படி வந்தது? நூலாசிரியரே இடம் விட்டிருக்கிறார். நபிகளும் அபூபக்கரும் உமரும் அடங்கியுள்ள மூன்று கப்றுகளின் (அடக்கக் குழிகளின்) கிடப்பை அவர் வருணிக்கிறார். நான்காவதாக ஓரிடம் வெறுமையாக இருப்பதையும், அது மர்யமின் மகன் ஈஸாவுக்கென்று சொல்லப்படுவதையும் குறிப்பிடுகிறார். அந்த வருணனையை ஒட்டி மூன்று செவ்வகங்களும் மேலே தொங்கும் ஒரு விளக்கும் வரையப்பட்டன. எதிர்ப்பக்கத்தில் மிம்பர் என்ற பிரசங்க மேடை சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டு உதுமானியப் பிரதிகளில் இதன் இடத்தில் மக்காவும் மதீனாவும் இருபக்கக் காட்சியாக வந்துவிடுகின்றன: ஒருபக்கம் கஅபா, மறுபக்கம் மதீனாப் பள்ளிவாசலின் குப்பா (குவிமாடம்). மதீனாவை மட்டும் பேசும் நூலுக்குள் மக்கா நுழைந்த இந்த மாற்றத்தை லெய்டன் பல்கலைக்கழகத்தின் யான் யுஸ்த் விட்கம் விரிவாக ஆராய்ந்து, இரு படங்களுக்கும் இடையிலான போர் என்றே அதற்குப் பெயர் வைத்தார். இதில் வரலாற்றாளருக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது. திகதி இல்லாத ஒரு பிரதி கைக்கு வந்தால், அதில் இருப்பது மூன்று கப்றுகளா இரண்டு நகரங்களா என்பது காலத்துக்கும் இடத்துக்கும் முதல் துப்பு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஓவியப் பக்கங்களில் நிறம் ஏதோ ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து மங்கியிருப்பது உண்டு. ஈரம் பட்டதாகவோ பூச்சி அரித்ததாகவோ முடிவு கட்டுவதற்கு முன் தேய்ந்த இடம் எது என்று பார்க்க வேண்டும். அது கப்றின் மேலேயே இருந்தால், தலைமுறை தலைமுறையாக முத்தமிட்டதாலும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றியதாலும் வந்த தேய்மானம். இதைச் ‘சேதம்’ என்று பட்டியலில் எழுதுபவர் நூலின் வாழ்க்கையில் பாதியை விட்டுவிடுகிறார்.

சுவடி செய்யும் வேலை பொன்னிலிருந்து தொடங்குவதில்லை, தாளிலிருந்து தொடங்குகிறது. இஸ்லாமிய உலகின் கைத்தாளில் நீர்க்குறி கிடையாது. மாவுப்பசை பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லாலோ கண்ணாடியாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். பேனா சிக்காமல் வழுக்கி ஓடும். ஐரோப்பியத் தாள் வேறு வகை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே குறி தெரியும். கிழக்குச் சந்தைக்கென்றே இத்தாலியில் செய்த தாளில் மூன்று பிறைகள் வரிசையாக நிற்கும். ஒல்லாந்தர் 1658 முதல் 1795வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள்; அவர்களோடு வந்த தாளில் ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னமோ, வேலிக்குள் சிங்கத்தோடு அமர்ந்திருக்கும் ஒல்லாந்தக் கன்னியோ தெரியும். ஆங்கிலத் தாளில் 1794இலிருந்து ஆண்டையே நீர்க்குறியாகப் போடும் வழக்கம் வந்தது. அதற்கு வரிச்சட்டம்தான் காரணம், வரலாற்றாளர் மீதுள்ள கரிசனம் அல்ல. ஆனாலும் எழுதியவர் திகதி போட மறந்த எத்தனையோ சுவடிகளுக்கு இந்த வரிச்சட்டமே பிறந்தநாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. நூல் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று அடித்துச் சொல்லலாம்.

அடுத்தது கோடு. கிதாபுப் பக்கங்களில் வரிகள் நூல்பிடித்தாற்போல நேராக இருக்கும். ஆனால் கோடு போட்ட தடயம் தெரியாது. உண்மையில் நூல்தான் பிடித்திருக்கிறார்கள். மிஸ்தரா என்பது ஓர் அட்டை. அதில் வரிக்கு ஒரு நூலாக இழுத்துத் தைத்திருப்பார்கள். தாளை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் மையில்லாத தழும்பு விழும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அந்தத் தழும்புகள் நிழலோடு எழும்பித் தெரியும். இரண்டு பிரதிகளின் வரி எண்ணிக்கையும் இடைவெளியும் அச்சொட்டாக ஒத்திருந்தால், ஒரே மிஸ்தராவில், அதாவது ஒரே எழுத்தரின் வீட்டில் பிறந்தவையா என்று கேட்கத் தொடங்கலாம்.

மையில் இரண்டு சாதி. விளக்குக்கரியைப் பிசினோடு குழைத்த மை தாளுக்குத் தீங்கு செய்யாது. தண்ணீர் பட்டால் மட்டும் கரையும். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை தண்ணீரைத் தாங்கும். ஆனால் ஆண்டுகள் போகப்போகப் பழுப்பேறித் தாளையே அரிக்கும். வண்ணங்களில் சாதிலிங்கச் சிவப்பும் அரிதார மஞ்சளும் நம் சித்தவைத்தியக் கடைகளுக்குப் பழக்கமான சரக்குகளே. மிக மோசமான எதிரி பச்சை. செம்புக் களிம்பில் செய்த பச்சையால் பக்கத்தைச் சுற்றிக் கட்டம் போட்ட சுவடிகளில், கோடு ஓடிய இடமெல்லாம் தாள் வெந்து வெடித்துவிடும். கடைசியில் எழுத்துப் பகுதி தனியாகக் கழன்று கையோடு வரும். ஓரம் வெறும் சட்டமாக அட்டையில் தங்கிவிடும். அழகுக்குப் போட்ட வேலி பயிரைத் தின்ற கதை.

பொன்னுக்கு வருவோம். தங்கத் தகட்டைத் தேன் அல்லது பிசினோடு அரைத்து, கழுவி, மீண்டும் பிசினில் குழைத்துத் தூரிகையால் பூசி, காய்ந்தபின் அகேட் கல்லால் தேய்த்தால் பளபளப்பு எழும். பிறகு கறுப்பில் மெல்லிய விளிம்புக்கோடு. முகப்புப் பக்கத்தின் தலைப்பட்டையும் பக்கச் சட்டமும் இப்படித்தான் உருவாகும். எல்லாப் பொன்னும் பொன்னல்ல என்பதும் சுவடியில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும். உண்மைத் தங்கம் நூற்றாண்டு கடந்தும் நிறம் மாறாது. பித்தளைப் பொடியைப் பூசியிருந்தால் பச்சையோ தவிட்டு நிறமோ தட்டி, தாளின் பின்பக்கத்திலும் கறை ஊறியிருக்கும். மலிவு விலைப் பிரதிகளில் வெறும் மஞ்சள் வண்ணமே பொன்னின் வேலையைச் செய்யும். இதில் ஏளனத்துக்கு எதுவும் இல்லை. ஹிஸ்பு தொடங்குமிடத்தைக் காட்ட மஞ்சளும் போதும். தங்கம் போட்டவருக்கு வசதி இருந்தது, அவ்வளவுதான்.

நூல் கட்டும் முறையில் ஓலைக்கும் கிதாபுக்கும் உள்ள தூரம் இன்னும் தெளிவாகிறது. ஐந்து தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் பத்து இதழ், இருபது பக்கம். இப்படிப் பல மடிப்புகளைப் பட்டுநூலால் கோத்துத் தைப்பது அறபுலகத்தின் பெருவழக்கு. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நூல் தெரியும். அது எங்கே தெரிகிறது என்று எண்ணிக்கொண்டே போனால் எத்தனை இதழ் தொலைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பக்க எண்ணுக்குப் பதிலாக, வலப்பக்க இதழின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைச் சாய்வாக எழுதி வைப்பார்கள். ஓலை ஏட்டில் இதே வேலையை ஓரத்திலுள்ள தமிழ் எண் செய்கிறது. தோல் அட்டை தாளின் விளிம்போடு ஒட்டி நிற்கும், வெளியே நீளாது. இடப்பக்க அட்டையிலிருந்து ஒரு மடல் நீண்டு, திறப்போரத்தை மூடி, முன் அட்டைக்குள் செருகிக்கொள்ளும். தலாயில் பிரதிகள் பல கையடக்கமானவை. உறையிலிட்டுத் தோளில் மாட்டிப் பயணம் போனவை.

முதல் இதழில் சில வேளை ஒரு விநோதமான விளி எழுதியிருக்கும்: ‘யா கபீகஜ்’. நச்சுத்தன்மையுள்ள ஒரு செடியின் பெயர் அது. காலப்போக்கில் பூச்சிகளின் அரசன் பெயராகவே கருதப்பட்டது. அரசன் பெயரைக் கண்டால் குடிகள் நூலைத் தீண்டாது என்பது நம்பிக்கை. நம் பக்கத்தில் கறையானும் இராமபாணப் பூச்சியும் எந்த அரசனுக்கும் அடங்குவதில்லை. ஓலைக்கு வசம்பும் எண்ணெயும் பூசிக் காத்த மக்களுக்கு, தாளுக்கு எண்ணெய் பூச முடியாது என்பது பெரிய சிக்கலாக இருந்திருக்கும்.

இனி, இந்த வகை நூலுக்கும் குடாநாட்டுக்கும் உள்ள தொடர்பு. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அம்மன்னருக்குப் பாரசீகம் விளங்கியதையும் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாண வைபவமாலை சோனகரின் குடியேற்றங்களையும் இடப்பெயர்வுகளையும் தன் சாய்வோடு சொல்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையொட்டி சிக்கந்தர் என்ற முஸ்லிம் யோகியின் சமாதி இருந்ததாக மரபு உண்டு. சோனகதெருவின் பெரிய பள்ளிவாசல், பக்தாதில் அடங்கிய காதிரிய்யா குருநாதர் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரைத் தாங்குகிறது. நூல்கள் வந்த வழி கடல்வழி. கீழக்கரை, காயல்பட்டினம் ஆலிம்கள் பாக்குநீரிணையை ஒரு தெருவைப்போலக் கடந்தவர்கள். சதக்கத்துல்லா அப்பா (இறப்பு 1703) அறபிலேயே புகழ்ப்பாக்கள் செய்தார். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) கீழக்கரையிலிருந்து இலங்கைக்குப் பலமுறை வந்து போதித்தவர். அவர் வழியில் வந்த தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெருநூலே இரு கரைகளின் அறபு, அறபுத்தமிழ் நூல்களுக்கு இன்றும் முதல் கையேடு. மொரோக்கோவின் பெஸ் நகரத்துப் பெயருள்ள பாஸியத்துஷ் ஷாதுலிய்யா 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலும் காயல்பட்டினத்திலும் வேரூன்றியதால், ஜஸூலியின் மரபு ஏறத்தாழ அவரது சொந்த ஊர்க்காரர் வழியாகவே வந்து சேர்ந்தது எனலாம்.

தமிழ் முஸ்லிம் வீட்டில் மொழிக்கு ஏற்ப நூலின் உடம்பும் மாறியது. சீறாப்புராணம் போன்ற தமிழ்க் காப்பியம் ஓலையில் ஓடியது. அறபு ஓலையில் எழுதப்படவே இல்லை என்று சொல்ல முடியாவிட்டாலும் அது மிக அரிது. எழுத்தாணியை ஓலை நரம்பின் போக்கில் நீளமாக இழுத்தால் ஓலை கிழியும். அறபெழுத்தின் அழகோ அந்த நீண்ட இழுப்பில்தான் இருக்கிறது. அறபுத்தமிழ் இந்த எல்லையைக் குலைத்தது. மொழி தமிழ், எழுத்து அறபு, ஆகவே இடம் தாள். ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அறபெழுத்தின் மேலும் கீழும் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகள் செய்தார்கள். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அறபுத்தமிழை அன்புத்தமிழ் என்றே எழுதினார். யாழ்ப்பாண இந்துக் கல்லூரியில் படித்த ஒருவர் அதைச் சொன்னது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும்.

1990 ஒக்டோபர் 30 அன்று இந்தத் தொடர்ச்சி அறுந்தது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் உஸ்மானியாக் கல்லூரியையொட்டிய ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். நகையும் பணமும் வீட்டு உறுதியும்கூடப் பறிபோன பயணத்தில் கிதாபு எப்படித் தப்பும்? ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1981 ஜூனில், யாழ் நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானபோது உலகம் அழுதது, அழவும் வேண்டும். சோனகதெருவின் அலமாரிகளுக்கு அப்படியொரு எண்ணிக்கைகூட இல்லை. பிறகு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளை அடுத்து நாடு முழுக்க அறபெழுத்துள்ள எந்தத் தாளும் சந்தேகக் கண்ணால் பார்க்கப்பட்டது. ஸலவாத்து நூலுக்கும் தீவிரவாதத்துக்கும் வேறுபாடு தெரியாத சோதனைக்காரரை எண்ணி மக்கள் அஞ்சினர். தலாயிலை ஓதுவதே தவறு என்று வாதிடும் சீர்திருத்தவாதிகள் சமூகத்துக்குள்ளேயும் இருந்தனர். வெளியே பயம், உள்ளே வெறுப்பு.

இந்த நிலையில்தான் உடம்பை வாசிக்கும் வித்தை தேவைப்படுகிறது. புத்தளத்திலோ கொழும்பிலோ ஒரு பெட்டியிலிருந்து வெளிவரும் கிதாபில் ஊர்ப்பெயர் இருக்கவேண்டுமென்று இல்லை. ஆனால் நீர்க்குறி இருக்கும். பள்ளிவாசலுக்கு வக்பு (அறக்கொடை) செய்த குறிப்பு இருக்கலாம். ஷெய்கு கொடுத்த இஜாஸா (ஓதுவதற்கான அனுமதி) கடைசி இதழில் இருக்கலாம். முக்கோணமாகக் குறுகி முடியும் நிறைவுரையில் தன்னை ஏழை அடிமை என்று தாழ்த்திக்கொண்ட எழுத்தரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கலாம். ஓரத்தில் அறபுத்தமிழ்க் குறிப்புகள் இருந்தால், அதில் வரும் தமிழின் வட்டார வாடையே கீழக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வித்தியாசம் காட்டும். பிற்காலத்தில் தைத்துச் சேர்த்த அட்டைக்குள் உள்ளூர்ப் பத்திரிகைத் தாளோ கடைக் கணக்குத் தாளோ ஒட்டியிருந்தால் அதைப்போல நல்ல சாட்சி வேறில்லை.

கல்லச்சுப் பிரதிகளை ஒதுக்கிவிடும் பழக்கமும் மாற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பம்பாயிலும் சென்னையிலும் கொழும்பிலும் கல்லில் அச்சிட்ட அறபு, அறபுத்தமிழ், மலாய் நூல்கள் பெருகின. அவை கைச்சுவடியின் உடம்பை அப்படியே நகல் எடுத்தவை: கையெழுத்து, பக்கச் சட்டம், அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல், முகப்புப் பட்டை எல்லாம் உண்டு, பொன் மட்டும் இல்லை. சில பிரதிகளில் வாங்கியவரே பின்னர் ‘அல்லாஹும்ம’ என்ற சொல்மேல் சிவப்பு மை தீட்டியிருப்பார். அச்சில் கிடைக்காத வழிகாட்டியை அவர் கையாலேயே போட்டுக்கொண்டார்.

2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறது. பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டமும் இலங்கைக்கு வந்து, மலாய்க் குடும்பங்களிடமிருந்த சுவடிகளை ஆய்வாளர் ரொனித் ரிச்சி வழியாகப் படம் பிடித்திருக்கிறது. சோனகதெருக் கிதாபுகளுக்கும் அது நடக்கட்டும். ஆனால் பக்கத்துக்கு ஒரு நேர்ப்படம் என்று எடுத்துப் பிடிஎப் ஆக்கினால் எழுத்து மட்டும் தப்பும். ஒவ்வொரு கிதாபுக்கும் பின்னொளியில் ஒரு நீர்க்குறிப் படம், தாழ்ந்த பக்கவொளியில் ஒரு மிஸ்தராப் படம், மடிப்புகளின் எண்ணிக்கை, தையல் துளைகளின் இடைவெளி, மடலும் முதுகும் தெரியும் அட்டைப் படங்கள், தேய்ந்த இடங்களின் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஒரு மேசைவிளக்கும் ஒரு வெளிச்சப் பலகையும் அளவுகோலும் கையில் இருந்தால் போதும். முக்கியமாக, கொண்டுவந்தவரின் அனுமதியோடு, வாயால் சொல்லும் விவரத்தையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும்: யார் வீட்டில் இருந்தது, எந்தக் கிழமையில் எந்த ஹிஸ்பை யார் ஓதுவார், 1990இல் எந்தப் பைக்குள் வந்தது. இதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். வேலையை அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.